குருளைக்கு ஒரு வீடு

ஐப்பசித் திங்களின் பிற்பகுதி. குடந்தையை அடுத்த ஊர் ஒன்றில் மூன்று நாளாக மழை ஓயாது பெய்துகொண்டிருந்தது. வாய்க்கால்களில் நீர் கலங்கிப் புரண்டோட, சாலையோரத்துப் பூவரச மரங்கள் இலைதோறும் துளி சொட்ட நின்றன. மணி அடிப்பதற்கு நெடுநேரம் முன்பே பள்ளிக்கு வந்துவிடும் பழக்கமுடைய எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், மிதிவண்டிக் கொட்டகையின் மூலையில் ஒரு சாக்குப்பை அசையக் கண்டான். எலியோ பாம்போ என்று முதலில் அஞ்சினான். உள்ளிருந்து எழுந்த முனகல் அவ்வச்சத்தைப் போக்கிற்று. பையின் வாய் சணற்கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஆயினும் முடிச்சு இறுக்கமாக இல்லை. கட்டிய கைக்கும் சிறிது தயக்கம் இருந்தது போலும். உள்ளே, செவலை நிறமும் வெளுத்த முன்கால் நுனிகளும் உடைய நாய்க்குட்டி ஒன்று, நனைந்த உடலை வட்டமாகச் சுருட்டிக்கொண்டு நடுங்கிக் கிடந்தது. அதன் கழுத்தில் மயிர் தேய்ந்த ஒரு வளையம் தெரிந்தது. சில நாளேனும் அது யாருடைய வீட்டிலோ கட்டப்பட்டிருந்தது என்பதற்கு அவ்வளையமே சான்று.

மாணவன் குட்டியைத் தன் துண்டால் துவட்டிச் சத்துணவுக் கூடத்து அடுப்பின் அருகே கொண்டுபோய் வைத்தான். சற்று நேரத்தில் தமிழாசிரியர் அங்கு வந்தார். குட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெட்டைக் குட்டி. சாக்குக்குள் வந்த காரணம் அதுதான்" என்றார்.

அவர் கூறியது பொய்யன்று. கடுவன் குட்டிகளைக் கேட்டு வாங்கிச் செல்வார் ஊர்தோறும் உளர். பெட்டைக் குட்டியோ, வளர்ந்தால் ஈனும், ஈன்ற குட்டிகளுக்கு இடம் தேடவேண்டும் என்னும் அச்சத்தால் சந்தைத் திடலிலும் ஆற்றங்கரையிலும் விடப்படுகிறது. தமிழர் பழங்காலத்தில் இவ்வுயிரைப் பெயரின்றி விட்டாரில்லை. தொல்காப்பிய மரபியல், நாயின் இளமைக்குக் குருளை என்று பெயர் கூறி, குட்டி, பறழ் என்பனவும் விலக்கில்லை என்கிறது. பெண் நாய்க்குப் பிணவு என்னும் பெயரையும் தனியே எடுத்துரைக்கிறது. சங்கப் புலவர் நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் அழைத்தனர். பெயர் இத்தனை இருந்தும், மழைநாளில் சாக்குக்குள் கிடந்த அக்குருளைக்கு வீடு ஒன்றுதான் இல்லை.

தனியே காணப்படும் குட்டிகள் எல்லாம் கைவிடப்பட்டவை என்று கொள்ளுதல் தவறு. தாய் நாய் இரை தேடிச் சென்றிருக்கலாம். வயிறு நிறைந்து, உடல் தூய்மையாக, உடன்பிறந்தவற்றோடு ஒடுங்கி உறங்கும் குட்டிகளை அவ்விடத்திலேயே விட்டுச் சில மணி நேரம் தொலைவில் நின்று கவனித்தல் வேண்டும். இரக்கத்தின் பெயரால் தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்போரும் உண்டு. அது கைவிடுதலுக்கு அடுத்த கொடுமை. ஆனால் சாக்கில் கட்டப்பட்ட குட்டியைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டம் உருவாவதற்கு முன்னின்று உழைத்தவர், பரதநாட்டியத்தால் உலகறிந்த ருக்மிணி தேவி அருண்டேல். அப்போது அவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1962-இல் விலங்குகள் நல வாரியம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே.

குட்டிக்கு அன்று காலையில் பால் வார்க்க ஓடினர் சிறுவர் சிலர். ஆசிரியர் தடுத்தார். பசுவின் பால் நாய்க்குட்டிகள் பலவற்றுக்குச் செரிப்பதில்லை. கழிச்சல் கண்டால் சிறிய உடல் ஒரே நாளில் வற்றிவிடும். குழைய வேகவைத்த சோற்றோடு அவித்த முட்டையை மசித்துச் சிறிது கொடுத்தனர். தட்டை நக்கித் தீர்த்த குட்டி, அதே தட்டின்மேல் தலைசாய்த்து உறங்கிவிட்டது.

மாலையில் மாணவனும் ஆசிரியரும் அதனைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றனர். மருத்துவர் குட்டியின் வாயைத் திறந்து பற்களைப் பார்த்தார். நாய்க்குப் பாற்பற்கள் இருபத்தெட்டு. மூன்று நான்கு வாரத்தில் முளைக்கத் தொடங்கி எட்டாவது வார அளவில் நிறைவு பெறும். பின்னர் நான்காம் திங்கள் முதல் அவை விழுந்து, நாற்பத்திரண்டு நிலைப்பற்கள் தோன்றும். பிறந்த நாள் அறியப்படாத குட்டிக்குப் பல்லே சாதகம். "ஏழெட்டு வாரம் இருக்கலாம்" என்றார் மருத்துவர். குடற்புழு நீங்க மருந்து புகட்டி, நச்சுயிரி நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியையும் போட்டார். அடுத்த ஊசிக்கான நாளையும், மூன்று திங்கள் நிறைந்தபின் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டிய நாளையும் ஓர் அட்டையில் குறித்தார்.

குட்டியைத் துவட்டியபோது அதன் பல் தன் விரலில் பட்டுக் கீறியதை மாணவன் தயங்கித் தயங்கிக் கூறினான். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை நீர்க்குழாயின் அருகே அழைத்துச் சென்றார். சோப்பு இட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவச் செய்தார். "குட்டிதானே என்று எண்ணாதே, தம்பி. இப்பொழுதே அரசு மருத்துவமனைக்குப் போ" என்றார். வெறிநோயின் அறிகுறி மனிதனிடம் தோன்றிவிட்டால் பிழைத்தல் மிக மிக அரிது. தோன்றுமுன் முறையாக ஊசி போட்டுக்கொண்டால் நோயை வரவொட்டாமல் தடுக்கலாம். 1885-இல் லூயி பாஸ்டர் கண்டு காட்டிய இவ்வழிக்கெனவே தென்னாட்டில் 1907-இல் குன்னூரில் ஒரு நிலையம் ஏற்பட்டது. மாணவனுக்கு அன்றிரவே முதல் ஊசி போடப்பட்டது. எஞ்சியவற்றையும் அவன் குறித்த நாள் தவறாமல் போட்டுக்கொண்டான். இரக்கம் உடையவன் கீறலை மறைக்கக் கூடாது; மறைத்தால் அவன் உயிருக்கும் கேடு, அடுத்த குட்டியைத் தூக்க வரும் கைகளுக்கும் அச்சம்.

மருந்தகத்தை விட்டுப் புறப்படும்போது மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்று மாணவன் மனத்தில் தைத்துவிட்டது. அட்டையில் 'உரிமையாளர் பெயர்' என்று ஒரு கோடு இருந்தது. "யார் பெயரை எழுதட்டும்?" என்றார் அவர். மாணவன் வாய் திறக்கவில்லை. அவன் குடும்பம் வாடகை வீட்டில் இருந்தது. வீட்டுக்காரர் நாயை விரும்பாதவர் என்பது தெரியும். மருத்துவர் அக்கோட்டை வெறுமையாகவே விட்டார். "இது நிரம்பும்வரை உன் வேலை முடியவில்லை" என்று கூறி அட்டையை அவன் கையில் கொடுத்தார்.

வீட்டில் அன்னை முதலில் சினந்தாள். பிறகு, கொல்லைப்புறத்து விறகுக் கொட்டிலில் பதினைந்து நாள் மட்டும் குட்டி இருக்கலாம் என்று இசைந்தாள். தந்தை வீட்டுக்காரரிடம் சென்று அதற்கு மட்டும் அனுமதி பெற்று வந்தார். பதினாறாம் நாள் அது அவ்வீட்டில் இருத்தல் ஆகாது. மாணவன் நாள்காட்டியில் அந்நாளைச் சுற்றி ஒரு வட்டம் இட்டான்.

இரண்டாம் நாளே அவன் கவலை தீர்ந்துவிட்டது போலத் தோன்றியது. கடைத்தெருவில் மரவாடி வைத்திருந்த ஒருவர் குட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, "கொடு, தம்பி, மரத்துக்குக் காவலாகும்" என்றார். ஊர் முழுதும் கேட்டுத் திரியவேண்டியிருக்குமோ என்று அஞ்சியிருந்த சிறுவனுக்கு இது பெரும்பேறாகப் பட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் கேட்கவில்லை. குட்டி கைமாறியது. தடுப்பூசி அட்டையை நீட்டியபோது, "இதெல்லாம் எதற்கு?" என்று அவர் சிரித்தார். அட்டை மாணவனிடமே தங்கிவிட்டது. அச்சிரிப்பிலேயே அவன் விழித்திருக்க வேண்டும். ஆனால் கவலையிலிருந்து விடுபடத் துடிக்கும் மனம் எதிரே தெரியும் குறிகளைக் காணாது.

மூன்று நாள் கழிந்தன. காவல் வேண்டியவருக்கு இரவெல்லாம் அழும் குட்டி கிடைத்தது. அது பெட்டை என்பதையும் அதன் பின்னரே அவர் அறிந்தார். ஏவலாள் ஒருவன் அதனை ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் விட்டு வந்தான். குட்டி ஓடவில்லை. தன்னை இறக்கிவிட்ட மைல்கல்லின் அடியிலேயே, வந்தவன் போன திசையை நோக்கி அமர்ந்திருந்ததாக அவ்வழியே கீரைக்கட்டு சுமந்து வந்த மூதாட்டி கூறினாள். காலையில் அவள் சந்தைக்குப் போகும்போதும் அங்கே இருந்தது. மாலையில் திரும்பும்போதும் அங்கேயே இருந்தது. நட்புக்கு யானையினும் நாயே ஏற்ற உவமை என்று நாலடியார் தேர்ந்து கூறுவதற்குக் காரணம், வளர்த்தவன் தீங்கு செய்தபோதும் அவ்வுயிர் அவனைப் பகைவனாக எண்ணாமையே. அக்குணமே கைவிடப்பட்ட நாய்க்குக் கேடாய் முடிகிறது. தான் கைவிடப்பட்டது அதற்குத் தெரியாது. தவறி விடப்பட்டதாகவே எண்ணிக் காத்திருக்கிறது. பேருந்தும் சுமையுந்தும் விரையும் சாலையில் அங்ஙனம் காத்திருக்கும் குட்டிகளுள் பல இரண்டாம் நாளைக் காண்பதில்லை.

செய்தி கேட்ட மாணவன் மிதிவண்டியில் பாலத்துக்கு விரைந்தான். குட்டி அவனைக் கண்டதும் எழ முயன்று பின்னங்கால் தாங்காமல் சரிந்தது. எலும்பு முறியவில்லை, கல்லடி பட்ட வீக்கம் என்று மருத்துவர் கூறினார். மாணவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "நான் நல்லதுதானே செய்தேன், ஐயா?" என்று ஆசிரியரைக் கேட்டான்.

ஆசிரியர் அவனைத் தேற்றவும் இல்லை, கடியவும் இல்லை. இலண்டனில் 1860-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னார். மேரி டீல்பி என்னும் அம்மையார், தோழி ஒருத்தி தெருவில் கண்டெடுத்த பட்டினி நாயைப் பேணிக் காக்க முயன்றார். அது பிழைக்கவில்லை. அத்துயரிலிருந்து, நகரின் வடபகுதியான ஹாலோவேயில், வீடிழந்த நாய்களுக்கென ஓர் இல்லம் எழுந்தது. மனிதருக்கே வீடில்லாதபோது நாய்க்கு வீடா என்று செய்தித்தாள் எள்ளி நகையாடியது. புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய இதழோ 1862-இல் அவ்வில்லத்தைப் பரிவோடு பாராட்டியது. அம்மையார் 1865-இல் மறைந்தார். 1871-இல் பாட்டர்சி என்னும் பகுதிக்கு மாறிய அவ்வில்லம் இன்றும் அங்கே நடைபெறுகிறது.

"அம்மையார் அவ்வில்லத்துக்கு இட்ட பெயரைக் கேள்" என்றார் ஆசிரியர். "வழிதவறிய, பசித்த நாய்களுக்கான தற்காலிக இல்லம். நிலையான இல்லம் என்று சொல்லவில்லை. நாயை எடுத்து வைத்துக்கொள்வது பாதி வேலை என்பதை அவர் முதல் நாளே அறிந்திருந்தார். நீ மரவாடிக்காரரைத் தேடிக் கொடுத்தது வீடன்று, இன்னொரு சாக்கு."

சென்னையிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. 1959-இல், விமானியாகிய கேப்டன் சுந்தரம் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை எடுத்து வந்து தம் இல்லத்தில் காத்தார். அவரும் அவர் குடும்பத்தாரும் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு அவ்வீட்டிலிருந்தே வளர்ந்தது. ஆயினும் எத்துணைப் பெரிய காப்பகமாயினும் அங்கு வரும் குட்டிகள் பல. பார்க்கும் கைகள் சில. நாய்க்குட்டி மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பதினான்காம் வாரத்துக்குள் மனிதரோடு பழகக் கற்கிறது. அமெரிக்க அறிஞர்களாகிய ஸ்காட்டும் ஃபுல்லரும் பல்லாண்டு ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலில் இவ்விளம்பருவத்தின் சிறப்பை விளக்கினர். அந்தச் சில வாரங்களில் அன்பும் ஒழுங்கும் காணும் குட்டி மனிதரை நம்பும். கைக்குக் கை மாறியும் அடிபட்டும் கழிக்கும் குட்டி வளர்ந்தபின் அஞ்சிக் கடிக்கக் கூடும். கடித்த நாயை எவரும் வைத்திருக்க மாட்டார். ஆகவே, செவலைக் குட்டிக்கு வீடு தேடவேண்டிய நாள்களும் அது மனிதரைக் கற்கும் நாள்களும் ஒன்றாகவே அமைந்திருந்தன. நாள்காட்டியில் எஞ்சியவை ஒன்பது.

இம்முறை மாணவன் தேடிய முறை வேறு. ஆசிரியர் கைப்பேசியில் குட்டியின் படம் எடுத்து, 'பெட்டை, இரண்டு திங்கள், பின்னங்கால் சிறிது வீங்கியிருக்கிறது' என்று உள்ளதை உள்ளபடி எழுதித் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார். கால் வீக்கத்தை ஏன் எழுதவேண்டும் என்று மாணவன் கேட்டான். மறைத்துக் கொடுத்தது திரும்பி வரும் என்பது ஆசிரியர் விடை.

பலர் வந்தனர். மகனின் பிறந்தநாளுக்கு வியப்பூட்டும் பரிசாகக் குட்டியைக் கேட்டார் ஒருவர். அவர் மனைவிக்கு இது தெரியாது என்று அறிந்ததும் ஆசிரியர் பணிவாக மறுத்தார். நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டு வாழும்; பிறந்தநாள் ஒன்றே. மற்றொருவர் படத்தைப் பார்த்துவிட்டு, இது நாட்டு நாய்தானே, வெளிநாட்டுச் சாதி வந்தால் சொல்லுங்கள் என்றார். பனி நாட்டுக்கெனத் தடித்த மயிரோடு பிறந்த நாய்களை நம் வெயிலில் வளர்க்க ஆசைப்பட்டு, கோடையில் அவற்றின் துன்பத்தையும் செலவையும் தாங்காது தெருவில் விடுவோர் இவ்வகையினரே. இந்நாட்டு வெப்பத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகிய நாட்டு நாய்க்கு அத்துன்பம் இல்லை. இராசபாளையம் நாயின் உருவம் பொறித்து 2005-இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டதை அம்மனிதர் அறிந்திருந்தாரோ, என்னவோ.

அடுத்து வந்த அம்மையாரை மறுக்க நேர்ந்ததுதான் மாணவனுக்கு மிகவும் வருத்தம் தந்தது. அவர் அன்புடையவர்; வீடு சொந்த வீடு; குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கீழே விடவே இல்லை. ஆனால் சென்ற திங்களில்தான் அவர் வீட்டில் ஒரு குட்டி குருதிக் கழிச்சலால் இறந்திருந்தது. மருத்துவரைக் கேட்டபோது, அது பார்வோ என்னும் நச்சுயிரியாக இருக்கக்கூடும் என்றும், அது மண்ணில் பல திங்கள் அழியாது கிடக்கும் என்றும், ஓர் ஊசி மட்டுமே போட்ட குட்டியை அங்கே விடலாகாது என்றும் தெரிவித்தார். ஊசிகள் முற்றும் போட்ட பெரிய நாய் ஒன்று கிடைத்தால் அவருக்கே தருவது என்று முடிவாயிற்று. அன்பு இருந்தும் அம்முற்றம் இக்குட்டிக்கு ஆகவில்லை.

பதினொன்றாம் நாள் மாலை, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். அவர் பேத்தி ஆறாம் வகுப்பில் படிப்பவள். அவள் சொல்லித்தான் வந்திருந்தார். குட்டியை உடனே தூக்கவில்லை. சற்றுத் தள்ளிக் குந்தி அமர்ந்து, அது தானே வந்து கையை முகரும்வரை காத்திருந்தார். எந்த வேளைக்கு என்ன தின்கிறது, இரவில் அழுகிறதா, கால் எப்படி அடிபட்டது, அடுத்த ஊசி என்றைக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு எழுந்து, "வீட்டில் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்" என்று கூறிப் போய்விட்டார்.

மாணவன் முகம் வாடிற்று. ஆசிரியர் முகமோ மலர்ந்தது. "மரவாடிக்காரர் யாரையும் கேட்கவில்லை. இவர் கேட்கப் போயிருக்கிறார். இனி நாம் போய் அவர் வீட்டைப் பார்க்கலாம்" என்றார்.

ஞாயிறன்று இருவரும் சென்றனர். ஓட்டு வீடு, முன்னே திண்ணை, பின்னே தென்னையும் கொடிக்காலும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருந்தது. பூச்சி மருந்துப் புட்டிகள் கொட்டகைத் தரையில் இருப்பதை ஆசிரியர் சுட்டியபோது, முதியவர் அப்போதே அவற்றை எடுத்துப் பரண்மேல் வைத்தார். கொல்லைச் சுவரில் ஓர் ஆணியில் நசுங்கிய அலுமினியத் தட்டு ஒன்று தொங்கியது. பன்னிரண்டு ஆண்டு அவ்வீட்டில் வாழ்ந்து இரண்டு ஆண்டுக்கு முன் இறந்த நாயின் தட்டு அது. நாயைத் தென்னையடியில் புதைத்திருந்தனர். முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று என்னும் கேள்விக்கு ஒருவர் கூறும் விடை, அவர் எத்தகைய வீட்டினர் என்பதைப் பிற விடைகள் எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டும். 'எங்கோ போய்விட்டது' என்பார் வீட்டில் குட்டியை விடுதல் தகாது.

முதியவரின் மனைவி மட்டும் உள்ளே இருந்து வெளியே வரவில்லை. "எனக்கு வேண்டாம். ஒன்றைப் புதைத்தது போதும்" என்று குரல் மட்டும் வந்தது. முதியவர் தலைகுனிந்து நின்றார். வீட்டில் ஒருவர் மனமின்றி இருக்கும்போது குட்டியை விட்டுச் செல்லுதல் முறையன்று. ஆகவே ஆசிரியர் விடைபெற எழுந்தார். மாணவன் கையிலிருந்து நழுவிய குட்டி அந்நேரத்தில் நொண்டி நொண்டி நிலைப்படி ஏறி உள்ளே சென்றது. சிறிது நேரம் ஓசை இல்லை. பிறகு அதே குரல், "இதற்கு எந்த வேளைக்குச் சோறு போடுகிறீர்கள், தம்பி?" என்று கேட்டது.

ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது. ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் மாணவனிடமே திருப்பித் தருவது. ஆறாம் திங்கள் அளவில் மருத்துவரைக் கேட்டுக் கருத்தடை செய்விப்பது என்று பேசிக்கொண்டனர். நாய் சூல் கொண்டு ஏறத்தாழ அறுபத்து மூன்று நாளில் ஈனும். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறத்தல் இயல்பு. இச்செவலை ஈனும் குட்டிகளுக்கும் சாக்குகள் காத்திராமல் இருக்க வேறு வழியில்லை. வீதியில் திரியும் நாய்களுக்கு இதனைச் செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போடும் பொறுப்பை 2001-இலும் பின்னர் 2023-இலும் வந்த விதிகள் உள்ளாட்சி அமைப்புகளுக்கு வகுத்துள்ளன. வீட்டு நாய்க்கு வீட்டுக்காரரே பொறுப்பு.

குட்டியோடு மாணவன் தன் பழைய துண்டையும் கொடுத்தான். பழகிய மணம் அருகில் இருந்தால் புதிய இடத்து அச்சம் சிறிது குறையும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படியும் முதல் மூன்று இரவு குட்டி அழுதது. முதல் இரவில் மாட்டுக்கொட்டிலில் விரித்த சாக்கு, இரண்டாம் இரவில் திண்ணைக்கு வந்தது. மூன்றாம் இரவில் நிலைப்படி தாண்டி ரேழிக்கு வந்துவிட்டது. நகர்த்தியவர் யார் என்பதைப் பேத்தி பள்ளியில் சொல்லிச் சிரித்தாள்.

நாள்காட்டியில் வட்டமிட்ட நாள் வந்து போயிற்று. வாரம் கழிந்தும் குட்டி திரும்பி வரவில்லை. இரண்டாம் ஊசிக்குரிய நாளில், எவரும் நினைவூட்டாமலே முதியவர் மிதிவண்டிக் கூடையில் குட்டியை வைத்து மருந்தகத்துக்கு வந்தார். தடுப்பூசி அட்டையில் வெறுமையாய் இருந்த கோட்டில், எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதிய நடுங்கிய கையெழுத்தில், ஒரு பெண்மணியின் பெயர் இருந்தது.

ஒரு திங்கள் கழித்து மாணவன் அவ்வீட்டுக்குச் சென்றான். வாயிலில் மிதிவண்டியை நிறுத்தியதும் உள்ளிருந்து செவலை பாய்ந்து வந்து குரைத்தது. கால் வீக்கத்தின் சுவடே இல்லை. பிறகு மணம் அறிந்து, வாலோடு உடலும் ஆட அவன் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. பாட்டி அவனுக்கு மோர் கொடுத்தாள். அவன் சிறிது நேரம் இருந்துவிட்டுப் புறப்பட்டான். விறகுக் கொட்டிலில் இருந்த நாள்களில் அவன் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் அது கயிற்றை இழுத்துக்கொண்டு அழும். அந்த நினைவோடு தெருமுனையில் திரும்பிப் பார்த்தான். செவலை அவனைத் தொடர்ந்து வரவில்லை. திண்ணையில் முன்கால்களை நீட்டிப் படுத்தபடி, அயலார் எவரும் அவ்வாசலில் நுழைகின்றனரா என்று தெருவைக் கவனித்துக்கொண்டிருந்தது.